மீசையும் வெளிச்சவீடும்

சவுந்தரநாயகம் தன் மீசையைப் பந்தயம் வைத்தது விபூதிப் புதன்கிழமை பின்னேரம், மூன்றாவது பருப்பு வடையைக் கடித்து முடித்த கையோடு. அன்று ஒருசந்தி. ஒரு நேரம்தான் சாப்பிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வடை என்பது சாப்பாடு அல்ல, வாய்க்குத் துணை என்று அவர் தீர்ப்பு எழுதியிருந்தார். தனக்கு வசதியான தீர்ப்புகளை நின்ற நிலையில் எழுதும் திறமை அவருக்கு உண்டு. புதுக்கடைக் கோர்ட்டில் இருந்திருக்க வேண்டிய மனிதர், தவறிப்போய்க் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருடமாகக் கிளார்க்காக இருக்கிறார்.

கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடி வீட்டில் அன்றைக்கு நாலு பேர். அவர், மனைவி பிறிஜெற், கல்கிசையிலிருந்து வந்திருந்த பிறிஜெற்றின் தம்பி ஷெல்டன், அவன் மனைவி நதீஷா. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் யார் எதை விடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பிறிஜெற் பால்தேத்தண்ணியை விடுவதாகச் சொன்னாள். நதீஷா டீவி நாடகத்தை விட்டாள். ஷெல்டன் இறைச்சியை விட்டான்.

"அத்தான் இந்த முறையும் பாவற்காயைத்தானே விடப்போறார்?" என்று ஷெல்டன் கேட்டான்.

சென்ற வருடம் அவர் பாவற்காயை விட்டது உண்மைதான். பிறந்த நாளிலிருந்து அவர் பாவற்காயைத் தொட்டதில்லை என்பதும் உண்மைதான். நதீஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சவுந்தரநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இந்த முறை நான் கேமை விடுறன்."

கேம் என்றால் டெப் கணினியில் ஆடும் 'துறைமுக ராஜா'. பகல் முழுக்க யாரோ ஒருவனுடைய கப்பலுக்குப் பேப்பர் அடிக்கிற மனிதர், பின்னேரம் வீட்டுக்கு வந்து டெப்பைத் திறந்தால் பத்தொன்பது கப்பலுக்குச் சொந்தக்காரர். அங்கே அவர் கை காட்டினால் கப்பல் வரும், கை காட்டினால் போகும். வீட்டில் அவர் கை காட்டினால் தேத்தண்ணிகூட வராது. அதை அவர் விடுவதென்றால் நம்பக் கூடிய காரியமா?

"நாப்பது நாளும்?" என்றாள் பிறிஜெற்.

"நாப்பது நாளும். உயிர்த்த ஞாயிறு வருமட்டும் ஒரு ஆட்டம் ஆடமாட்டன்."

"ஆடினால்?"

"ஆடினால் இந்த மீசையை எடுக்கிறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. அது முப்பத்துமூன்று வருடத்து மீசை. பெண் பார்க்கப் போன நாளில் அவரோடு கூடப் போன மீசை. அடையாள அட்டையில் இருப்பதும் அதுதான். அந்த முகத்தில் கொஞ்சமாவது அதிகாரம் என்று ஏதாவது இருந்தால், அது மூக்குக்குக் கீழே அந்த மூன்று அங்குலத்தில்தான் இருந்தது. ஷெல்டன் உடனே போனை எடுத்து அந்த மீசையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டான்.

ஆச்சரியம் என்னவென்றால், மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் கிழமை கை டெப்பைத் தேடியது. இரண்டாம் கிழமை கனவில் கப்பல் வந்தது. ஐந்தாம் கிழமை பழகிவிட்டது. பெரிய வெள்ளியும் போய்ப் பெரிய சனிக்கிழமையும் வந்துவிட்டது. இன்னும் ஒரு நாள்தான். அந்த நேரம் பார்த்துத்தான் மாடிப்படியில் ஜவாத் எதிர்ப்பட்டான்.

ஜவாத் நாலாம் மாடிக்காரன். மெயின் ஸ்ட்ரீட்டில் புடவைக்கடை வைத்திருக்கிறான். அவனும் ஒரு துறைமுக ராஜா. அவனுடைய துறைமுகத்தில் ஒரு வெளிச்சவீடு இருந்தது. சவுந்தரநாயகத்தின் துறைமுகத்தில் இல்லை. அதனால் பனி இறங்கும்போதெல்லாம் இவருடைய கப்பல்கள் பாறையில் போய் முட்டும். ஜவாத்தின் கப்பல்கள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்து சேரும். கேமின் கடையில் வெளிச்சவீட்டின் விலை எட்டாயிரம் முத்து. இரண்டு வருடம் ஆடி இவர் சேர்த்தது நாலாயிரத்து இருநூறு.

"அண்ணன், விசயம் தெரியுமா? வெளிச்சவீடு பாதி வெலைக்குப் போட்டீக்கிறான். இண்டைக்கு ஆறு மணி வரைக்கும்தான்."

சவுந்தரநாயகம் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாதி என்றால் நாலாயிரம். கையில் நாலாயிரத்து இருநூறு. உயிர்த்த ஞாயிறோ நாளைக்கு.

வீட்டுக்குள் வருவதற்குள் தீர்ப்பு தயாராகிவிட்டது. சத்தியம் ஆட்டத்துக்குத்தான், கடைக்கு இல்லை. பிறிஜெற்றே காலையில் நாளைய விருந்துக்கென்று இரண்டு கிலோ ஆட்டிறைச்சி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். வாங்கி வைப்பது பாவம் என்றால் முதல் பாவம் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. அதே மாதிரி இவரும் வெளிச்சவீட்டை வாங்கி வைப்பார். ஆடுவது நாளைக்கு.

இருந்தாலும் இந்தத் தீர்ப்பைப் பிறிஜெற்றிடம் வாசித்துக் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு அவள் கோயிலில் பூ அலங்காரத்துக்குப் புறப்பட்டுப் போகும்வரை பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மூன்று மணிக்கு, தலையணை உறைகளுக்குக் கீழே பிறிஜெற் வைத்திருந்த டெப்பை எடுத்தார். கேமைத் தொடவில்லை. இணையத்தில் அதன் கடையை மட்டும் திறந்தார்.

கடை திறந்தது. சாமானைக் காணவில்லை.

மேலே கடையின் பெயர் இருந்தது. பக்கத்தில் அவருடைய பெயர் இருந்தது. கீழே வரிசையாகச் சாம்பல் நிறப் பெட்டிகள். கப்பல் இருக்க வேண்டிய இடத்திலும் சாம்பல், வெளிச்சவீடு இருக்க வேண்டிய இடத்திலும் சாம்பல். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு போட்ட ஒரு அறிவித்தல் பொடி எழுத்தில் வந்து நின்றது. மூலையில் இருந்த பெருக்கல் அடையாளத்தை அழுத்தி அதைத் துரத்திவிட்டு, பக்கத்தை மறுபடி திறந்தார். மறுபடி சாம்பல். மறுபடி அறிவித்தல். மறுபடி துரத்தினார். டெப்பை அணைத்து, ஒரு செபம் சொல்லுமளவுக்குப் பொறுத்து, மறுபடி போட்டார். வட்டம் களைப்பில்லாமல் சுற்றியது. அவருக்குத்தான் தலை சுற்றியது.

ஜவாத்துக்குப் போன் எடுத்தார்.

"ஜவாத், கடையில சாமான் ஒண்டும் தெரியேல்லை."

"எனக்கு நல்லாத் தெரியுதே அண்ணன். எல்லாம் வரிசையா ஈக்குது."

"எனக்கு வெறும் பெட்டிதான்."

"ரவுட்டரக் கழட்டிட்டு முப்பது வரைக்கும் எண்ணுங்க. பொறகு போடுங்க."

"கழட்டினால் அவளுக்கு விளங்கிவிடும்."

"ரவுட்டருக்கு வாய் இல்ல அண்ணன்."

ரவுட்டர் அலுமாரிக்கு மேலே இருந்தது. தூசி படாமல் பிறிஜெற் அதற்கு ஒரு குரோஷே சட்டை பின்னிப் போட்டிருந்தாள், முன்பக்கம் இரண்டு பொத்தானோடு. சவுந்தரநாயகம் கதிரையில் ஏறி நின்று அந்தச் சட்டையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வெக்கைக்குள் கம்பளிச் சட்டை போட்டால் எந்த சிக்னல்தான் வெளியில் வரும்? பொத்தானைக் கழற்றி, சட்டையை உரித்து, வயரைப் பிடுங்கி, முப்பதுக்குப் பதிலாக அறுபது எண்ணிவிட்டுப் போட்டார். ரவுட்டர் பச்சைக் கண்ணைச் சிமிட்டியது. கடை அப்படியே சாம்பலாகத்தான் இருந்தது.

நாலு மணி ஆகிவிட்டது. மறுபடி ஜவாத்.

"ஏதாச்சும் நோட்டீஸ் மாதிரி வருதா அண்ணன்?"

"ஓம், சிவப்புக் கோடு போட்டு ஒண்டு வருது. வர வர மூடிக்கொண்டிருக்கிறன்."

"என்ன எழுதீக்குது?"

"ஆர் வாசிச்சது? உதெல்லாம் விளம்பரம் ஜவாத்."

முப்பத்தொரு வருடமாகக் கப்பல் பேப்பரில் பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்து வாசிக்கிற மனிதர் இவர். வீட்டுக்கு வந்தால் பாண் பக்கெட்டில் திகதிகூடப் பார்ப்பதில்லை.

"அப்பிடியெண்டால் உள்ளுக்குத் தேங்கின குப்பையெல்லாம் கழுவி உடுங்க" என்று ஜவாத் வழி சொன்னான். சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்தினார். குப்பை போனது. குப்பையோடு அவரும் போய்விட்டார். மேலே இருந்த அவருடைய பெயரைக் காணவில்லை. திரும்ப உள்ளே வரக் கடவுச்சொல் கேட்டது.

கடவுச்சொல் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறக்கவே முடியாத ஒன்றாக இருக்கட்டும் என்று கலியாணத் திகதியைத்தான் போட்டிருந்தார். அந்தத் திகதிதான் நினைவில் இல்லை.

சுவரில் கலியாணப் படம் இருந்தது. அதில் மீசை இருந்தது, திகதி இல்லை. தெரிந்த திகதிகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு தரம் பிழை விட்டால் ஒரு நாளைக்குக் கதவு பூட்டப்படும் என்று டெப் எச்சரித்தது. மணி ஐந்து. வேறு வழி இல்லை. கோயிலுக்குப் போன் எடுத்தார்.

"என்னப்பா? பூ வைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றாள் பிறிஜெற்.

"ஒண்டுமில்லை. எங்கட கலியாணம் எந்தத் திகதி?"

பின்னால் யாரோ கத்தரிக்கோல் கேட்பது போனில் கேட்டது.

"என்ன திடீரெண்டு?"

"சும்மா தனிய இருந்து யோசிச்சுக்கொண்டிருந்தன். எவ்வளவு நல்ல நாள் அது."

"நல்ல நாள் எண்டு தெரியுது. எந்த நாள் எண்டு தெரியேல்லை."

"மாதம் தெரியும்."

"எந்த மாதம்?"

சவுந்தரநாயகம் யோசித்தார். "மழை பெய்தது" என்றார்.

"செப்டெம்பர் பன்ரெண்டு. தொண்ணூற்றி நாலு."

"ஓம் ஓம். அதைத்தான் நானும் நினைச்சன்."

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"நல்ல பிள்ளை. நான் வருமட்டும் குழப்படி செய்யாமல் இருங்கோ."

போன் வைக்கப்பட்டது. இவ்வளவு அன்பாக அவள் கதைத்து எவ்வளவு காலம் என்று நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கடவுச்சொல்லைத் தட்டினார். உள்ளே போனார். அவருடைய பெயர் வந்தது. வட்டம் வந்தது. சிவப்புக் கோடு வந்தது. சாமான் வரவில்லை.

மணி ஐந்தரை. மனிதர் ஆடிப்போய்விட்டார். இரண்டு வருடத்து முத்து. இன்றைக்கு விட்டால் இன்னும் இரண்டு வருடம். எத்தனை பனி, எத்தனை கப்பல், எத்தனை பாறை. ஒரு விளையாட்டுக் கடைக்காக ஐம்பத்தேழு வயதில் அழப்போகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

கடைசியில் டெப்பைத் தூக்கிக்கொண்டு அந்தோனியார் படத்தடிக்குப் போனார். காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. வீட்டுத் திறப்பு, மூக்குக் கண்ணாடி, ஒருமுறை ஷெல்டனின் மோட்டார் சைக்கிள் எல்லாம் அவர் கண்டுபிடித்துக் கொடுத்தவை. சவுந்தரநாயகம் டெப்பின் முகத்தைப் படத்துக்குக் காட்டினார்.

"அந்தோனியாரே, சாமான்களைக் காட்டித்தாரும். ஆறு மெழுகுதிரி கொளுத்துறன்."

மணி ஐந்து முப்பத்தெட்டு. வட்டம் சுற்றியது.

"சரி, பன்ரெண்டு."

வட்டம் நின்றது. ஒரு பெட்டியில் கப்பல் வந்தது. அடுத்ததில் பாரந்தூக்கி. அடுத்ததில் நங்கூரம். அதற்கடுத்து, வெள்ளையும் சிவப்புமாக, நெட்டையாக, அவருடைய வெளிச்சவீடு. அழுத்தினார். நாலாயிரம் முத்து போனது. 'உங்கள் பொருள் துறைமுகத்தில் இறக்கப்பட்டது' என்று வந்தது.

சவுந்தரநாயகம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சத்தியம் சத்தியமாக இருந்தது, மீசை மீசையாக இருந்தது, வெளிச்சவீடும் கைக்கு வந்துவிட்டது. ஆட்டத்தை ஒரு விரலாலும் தொடாமல் டெப்பைத் தலையணை உறைகளுக்குக் கீழே வைத்தார். ரவுட்டருக்குச் சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறிஜெற் வரும்போது அதே பத்திரிகை, அதே பக்கம்.

அவள் உள்ளே வந்து அலுமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரவுட்டர்ட சட்டை என்ன உள்பக்கம் வெளியால கிடக்குது?"

"காத்தாயிருக்கும்."

"காத்து பொத்தானும் பூட்டிச்சோ?"

அவர் பத்திரிகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டே குசினிக்குப் போய்விட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு பாஸ்கு பூசையில் அல்லேலூயா பாடும்போது சவுந்தரநாயகத்தின் சத்தம் பாடகர் குழுவை மேவி நின்றது.

உயிர்த்த ஞாயிறு காலையில் சத்தியம் முடிந்தது. தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் டெப்பைத் திறந்தார். துறைமுகத்தில் வெளிச்சவீடு நின்றது. பனி இறங்கியது. வெளிச்சவீடு இருட்டாக நின்றது. ஒரு கப்பல் வந்து பாறையில் முட்டியது. வெளிச்சவீட்டை அழுத்திப் பார்த்தார். 'விளக்கு தனியாக விற்கப்படும்' என்று வந்தது. கையில் மிச்சம் இருநூறு முத்து, விளக்கு நூற்றைம்பது. அப்பாடா என்று கடைக்குப் போனார். கடையில் சாம்பல் பெட்டி. சிவப்புக் கோடு போட்ட அறிவித்தல். அதைத் துரத்தும்போது வாசல் மணி அடித்தது.

ஷெல்டனும் நதீஷாவும் வந்திருந்தார்கள். மேலிருந்து ஜவாத்தும் அவன் மனைவி அர்பாவும் வட்டலப்ப இனிப்புச் சட்டியோடு இறங்கி வந்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி மேசைக்கு வந்தது. ஷெல்டன் அத்தானின் மூக்குக்குக் கீழே பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"அப்ப அத்தான் வெண்டிட்டார்."

"நான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான்" என்று சவுந்தரநாயகம் மீசையின் இரண்டு நுனியையும் ஒதுக்கிவிட்டார்.

பிறிஜெற் கையைக் கழுவித் துடைத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, போனை எடுத்தாள்.

"கொஞ்சம் கேளுங்கோ. சனிக்கிழமை மூண்டு மணி பத்து நிமிசம். உங்கள் பிள்ளை சவுந்தரநாயகம், வயது பதினொன்று, கடையில் உள்ள பொருட்களைப் பார்க்க அனுமதி கேட்கிறார்."

அர்பாவின் கையில் கரண்டி நின்றது.

"மூண்டு பதிமூண்டு. உங்கள் பிள்ளை சவுந்தரநாயகம், வயது பதினொன்று. மூண்டு இருவது. உங்கள் பிள்ளை சவுந்தரநாயகம். பத்தொன்பது மெசேஜ். பீடத்தடியில வைச்ச போன் துடிச்ச துடிப்பில, பாதர் வந்து வீட்டில பிள்ளைக்குச் சுகமில்லையோ எண்டு கேட்டார்."

சவுந்தரநாயகத்துக்கு இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரம் ஞாபகம் வந்தது. கேமில் முதல்முதலாகப் பெயர் பதிந்த நாள். பிறந்த வருடம் கேட்டது. நடப்பு வருடத்திலிருந்து பெருவிரலால் தள்ளித் தள்ளி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு வரைக்கும் போக வேண்டும். இரண்டாயிரத்துப் பதினாலு வந்தபோது விரல் களைத்துவிட்டது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கேயே நிறுத்தினார். பிறகு போன் நம்பர் கேட்டது. விளம்பரக்காரரின் தொல்லை வேண்டாமென்று, மருந்துக்கடையிலும் சப்பாத்துக்கடையிலும் கொடுப்பதுபோல, பிறிஜெற்றின் நம்பரைக் கொடுத்தார்.

"பதிமூண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு இப்பப் பெற்றோர் ஓம் சொன்னால்தான் கடையில சாமான் தெரியுமாம். ஒவ்வொரு முறையும் கேக்கவேணுமாம்" என்றாள் பிறிஜெற். "அந்தச் சிவப்புக் கோட்டு அறிவித்தலில இருக்குது. இண்டைக்குக் காலமை உங்கட டெப்பில நான் வாசிச்சனான்."

"அப்ப நேற்றுத் திறந்தது அந்தோனியார் இல்லையோ?"

"நான்தான். கலியாணத் திகதியைப் போன் எடுத்துக் கேக்கிற அளவுக்கு என்ன பாடு படுறியளோ எண்டு பாவமாக் கிடந்தது. பூ வேலை முடியவிட்டு ஓம் எண்டு அழுத்தினன். நேர்ந்த மெழுகுதிரியை என்னட்டத் தாங்கோ, கறண்ட் போற நேரத்துக்கு உதவும்."

ஷெல்டன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "எடுக்கச் சொல்லுங்கோ அக்கா, மீசையை எடுக்கச் சொல்லுங்கோ."

"நான் ஆடேல்லை" என்றார் சவுந்தரநாயகம். "வாங்கி வைச்சது மட்டும்தான். நீரும்தானே சனிக்கிழமையே இறைச்சி வாங்கி வைச்சனீர்?"

பிறிஜெற் இறைச்சிக் கறியைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அது ஞாயம். ஆடேல்லைத்தான். பந்தயத்தில வெண்டது நீங்கள்தான். ஷெல்டன், வாயை மூடு."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட ஒரு நீதியான பெண்ணைக் கட்டிய அந்த மழை நாளை இனி ஒருகாலமும் மறப்பதில்லை என்று முடிவு செய்தார். பிறிஜெற் எழுந்துபோய் வர்ணக் கடதாசியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். வென்றவருக்குப் பரிசு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கடதாசியைப் பிரித்தார். உள்ளே ஒரு புது ரேஸரும் சோப்பும் இருந்தன.

"உது என்னத்துக்கு? நான்தானே வெண்டனான்?"

"வெண்டது நீங்கள்தான். ஆனால் காலமையும் ஒரு மெசேஜ் வந்து கிடக்குது, என்னவோ விளக்கு வாங்கோணுமாம். அதுக்கு நான் இன்னும் ஓம் சொல்லேல்லை." பிறிஜெற் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "பதினொரு வயசுப் பிள்ளைக்கு மீசை என்னத்துக்கு?"